மூன்று நோயாளிகளும் ஒரு செடியும்: 1838 கல்கத்தா கஞ்சாச் சோதனையும் நாட்பட்ட வலி மருத்துவ வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கஞ்சாச் செடியின் பிசினைக் கீல்வாத நோயாளிகளுக்குக் கொடுத்து வில்லியம் புரூக் ஓஷானெசி கல்கத்தாவில் நடத்திய சோதனை, தாவர வலிநீக்கி மருந்துகளின் வரலாற்றில் ஒரு தொடக்கப் புள்ளியாகத் தொடர்ந்து காட்டப்படுகிறது. அச்சோதனை எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதையும், அம்மருந்து ஐரோப்பிய மருந்தியலிலிருந்து மறைந்ததற்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கீல்வாதம், கஞ்சாப் பிசின், ஓஷானெசி, மருந்தளவு, காலனிய மருத்துவம், ஆயத்தீர்வை.

முன்னுரை

நாட்பட்ட வலிக்குத் தாவர மருந்துகளை நாடுவது பற்றிய இன்றைய விவாதங்களில் கஞ்சாச் செடியின் பெயர் அடிக்கடி எழுகிறது. அவ்விவாதங்களில் வரலாறு இரு வகையாக எடுத்தாளப்படுகிறது. இந்திய மருத்துவம் பல நூற்றாண்டுகளாகக் கஞ்சாவால் வலியைத் தீர்த்துவந்தது, ஐரோப்பியர் அதை ஏற்றுப் பின்னர் அரசியல் காரணங்களால் தடுத்துவிட்டனர் என்பது ஒரு வகை. ஓர் ஐரோப்பிய மருத்துவர் கடைத்தெருப் போதைப்பொருளை அறிவியலாக உயர்த்தினார் என்பது மற்றொரு வகை. இரண்டும் 1839இல் வெளிவந்த ஒரே கட்டுரையையே சான்றாகக் கொள்கின்றன. அக்கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் பலராயினும், அதில் உள்ள கீல்வாதச் சோதனையின் விவரங்களை நிறுத்தி நோக்கியோர் சிலரே.

நூலறிவும் கடைத்தெரு அறிவும்

அயர்லாந்தில் பிறந்த ஓஷானெசி 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியாளராக வங்காளம் வந்தார். அதற்கு முன்பே காலரா நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்தாய்ந்து, அதில் நீரும் உப்புகளும் குறைந்துபோவதை எடுத்துக்காட்டியவர். 1835இல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். இந்திய வரலாற்று நூல்களில் தந்தித் துறையின் தலைவராகவே அவர் பெரும்பாலும் இடம்பெறுகிறார். தந்திக்கம்பிச் சோதனையும் கஞ்சா பற்றிய கட்டுரையும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பது அவரது மனப்போக்கை ஓரளவு உணர்த்தும்.

கட்டுரையின் முதற்பகுதி நூலாய்வாகும். அதற்கு அவர் தனித்து உழைக்கவில்லை. ஆசியக் கழகத்தின் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்கார், மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மதுசூதன் குப்தா ஆகியோர் வடமொழி நூற்சான்றுகளைத் தேடித் தந்தனர். பாரசீக, அரபு மருத்துவச் செய்திகளுக்கு அம்மொழிகளில் வல்ல அறிஞர்களை அவர் அணுகினார். 1836இல் மனித உடலை அறுத்து ஆய்ந்தவர் எனப் புகழ்பெற்ற அதே மதுசூதன் குப்தாதான் இங்கு நூற்சான்று தேடுபவராகத் தோன்றுகிறார். இப்பெயர்களை ஓஷானெசி மறைக்கவில்லை. அவருக்குப் பின் அவரை மேற்கோள் காட்டியவர்களே இவற்றைக் கைவிட்டனர்.

அந்நூற்சான்றுகள் தந்த செய்தி, இன்று பொதுவாகக் கருதப்படுவதிலிருந்து வேறுபட்டது. வடமொழி மருத்துவ நூல்களில் பங்கம் அல்லது விஜயை எனப்படும் இச்செடி, பசி தூண்டல், செரிமானம், கழிச்சல், உறக்கம் ஆகியவற்றோடு மிகுதியும் தொடர்புபடுத்தப்படுகிறது. சார்ங்கதர சங்கிதை, செரிப்பதற்கு முன்பே உடலெங்கும் பரவும் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாக இதனையும் அபினையும் ஒருங்கே வைக்கிறது. வாத நோய்களுக்கு மரபு மருத்துவம் முதன்மையாக நாடியவை வேறு: எண்ணெய்ப் பூச்சு, ஒற்றடம், வேது, ஆமணக்கெண்ணெய், குக்குலு. தமிழகத்தில் நொச்சியும் முடக்கற்றானும் இவ்வரிசையைச் சேர்ந்தவை. இவை நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உணவுப் பத்தியத்துடன் நிகழும் சிகிச்சைகள். ஒரு வேளை மருந்தை உட்கொண்டு வலி அடங்குகிறதா எனப் பார்ப்பது அம்மரபின் வழி அன்று. கஞ்சாவைக் கீல்வாத மருந்தாக முன்னிறுத்தியது பண்டை நூல்களைவிடக் கல்கத்தா மருத்துவமனையே என்று கொள்வதற்கு இடமுண்டு.

மூன்று படுக்கைகள்

மனிதர்க்குக் கொடுக்குமுன் ஓஷானெசி விலங்குகளிடம் சோதித்தார். நாய், பூனை, பன்றி, கழுகு, காகம், மீன் முதலியன போதையின் அறிகுறிகளைக் காட்டின. குதிரை, மான், ஆடு, பசு போன்ற தழையுண்ணிகளிடம் விளைவு மிகச் சிறிதாகவே இருந்தது. எவ்விலங்கும் வலியால் துன்புறவில்லை என்பதால் அவர் நிறுவ இயன்றது மருந்து கொல்லாது என்பதை மட்டுமே.

1838 நவம்பர் 6 அன்று பிற்பகல் 2 மணிக்குக் கீல்வாத நோயாளிகள் மூவருக்குத் தலா 1 கிரெயின் (ஏறத்தாழ 65 மில்லிகிராம்) பிசின் கரைத்துக் கொடுக்கப்பட்டது. மாலை 4 மணிக்கு ஒருவர் ஓயாது பேசினார், பாடினார், கூடுதல் உணவு கேட்டார், தமக்கு நோயே இல்லை என்றார். 6 மணிக்கு உறங்கினார். 8 மணிக்கு உணர்வற்றுக் கிடந்தார். மூச்சும் நாடியும் சீராக இருந்தன. ஆனால் அவருடைய கையை எந்த நிலையில் உயர்த்தி வைத்தாலும் அந்நிலையிலேயே நின்றது. இரண்டாமவரிடமும் இதை ஒத்த நிலை காணப்பட்டது. மூன்றாமவரிடம் எவ்வித மாற்றமும் இல்லை. விசாரித்தபோது அவர் கஞ்சா புகைக்கும் பழக்கமுடையவர் என்று தெரியவந்தது. மறுநாள் காலையில் முதலிருவரும் நலமாக இருந்தனர். வலி பெரிதும் தணிந்ததாகவும், மூன்று நாள்களில் குணமடைந்து வீடு திரும்பியதாகவும் பதிவு கூறுகிறது. அந்நிகழ்வால் எச்சரிக்கையடைந்த ஓஷானெசி அடுத்து வந்த நோயாளிகளுக்கு அளவைப் பாதியாகக் குறைத்தார்.

இப்பதிவிலிருந்து பெறத்தக்கவற்றை வரையறுப்பது தேவை. கீல்வாதம் தானே ஏறியும் இறங்கியும் வரும் நோய். மருத்துவமனைக்கு ஒருவர் வருவது பெரும்பாலும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான்; ஆகவே அடுத்த சில நாள்களில் அது தணிவது மருந்தின்றியும் நிகழக்கூடும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத நோயாளிகள் இலர். மூன்று நாள்களுக்குப் பின் வலி மீண்டதா என்பதை இந்த அளவு காலம் கொண்ட சோதனை சொல்ல இயலாது. அக்காலத்திற்கு இவற்றைக் குறையாகச் சுமத்துவது முறையன்று. ஆனால் இன்றைய நாட்பட்ட வலிச் சிகிச்சைக்கு இதையே முன்சான்றாகக் காட்டுவது முறையா என்பதே கேள்வி.

வரலாற்று நோக்கில் மூன்றாவது நோயாளியே மிக முக்கியமானவர். பழக்கப்பட்ட உடலில் அதே அளவு மருந்து செயலற்றுப் போகும் என்பதற்கு அவர் சான்று. நாட்பட்ட வலி என்பதே நாட்பட்ட மருந்துப் பயன்பாட்டைக் கோருவது. ஆகவே, பழகப்பழக வலிமை இழக்கும் மருந்தால் அவ்வலியை எவ்வளவு காலம் ஆள முடியும் என்ற வினா சோதனையின் முதல் நாளிலேயே எழுந்துவிட்டது. ஓஷானெசி அதைக் குறித்துவைத்தார், தொடரவில்லை. அவருடைய கவனம் ரணஜன்னி, வெறிநாய்க்கடி, குழந்தைகளின் வலிப்பு ஆகிய கடும் நோய்கள்பால் சென்றது. வெறிநாய்க்கடியைத் தீர்க்க முடியாதெனினும் சாவின் துன்பத்தைக் குறைக்க முடிந்தது என்று அவர் எழுதிய பகுதி, கீல்வாதப் பகுதியைவிட வலிநீக்க வரலாற்றுக்கு உண்மையில் நெருக்கமானது.

லண்டனில் ஒரு டிங்சர்

1840களின் தொடக்கத்தில் விடுமுறையில் இங்கிலாந்து சென்ற ஓஷானெசி மருந்துச் சரக்கை உடன் கொண்டுசென்றார். லண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்கொயர் அதிலிருந்து சாறும் டிங்சரும் உருவாக்கினார். அடுத்த அரைநூற்றாண்டில் அது ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக்கடைகளில் இடம்பிடித்தது. இக்காலத்தின் மிகச் சிறந்த மருத்துவச் சான்று, ஜான் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 1890இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையாகும். முப்பதாண்டு அனுபவத்தைத் தொகுத்துரைக்கும் அவர், நரம்பு வலியிலும் ஒற்றைத் தலைவலியிலும் இம்மருந்தை உயர்வாக மதிக்கிறார். சயாட்டிகா போன்ற வலிகளில் இது பயன்படவில்லை என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். எவ்வகை வலிக்கு உதவும், எவ்வகைக்கு உதவாது என்று பிரித்துக்காட்டியதே அவருடைய பங்களிப்பு. ரெனால்ட்ஸ் அரச குடும்பத்து மருத்துவராக இருந்ததை வைத்து, விக்டோரியா அரசி கஞ்சா உட்கொண்டார் என்று பரவலாக எழுதப்படும் செய்திக்கு நேரடி ஆவணச் சான்று காட்டப்படுவதில்லை.

ரெனால்ட்ஸின் எச்சரிக்கை மருந்தளவு பற்றியது. மனிதர்க்கு மனிதர் விளைவு வேறுபட்டது. சரக்குக்குச் சரக்கு வலிமை வேறுபட்டது. மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்றார் அவர். இச்சிக்கலே மருந்தின் மறைவுக்கு முதற்காரணமாயிற்று. அபினிலிருந்து மார்பின் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. 1850களில் எடின்பரோவின் அலெக்சாண்டர் வுட் ஊசிவழி மருந்து செலுத்தும் முறையை நரம்பு வலிக்குப் பயன்படுத்தினார். நீரில் கரையும் மார்பின் ஊசிக்குப் பொருந்தியது. நீரில் கரையாத கஞ்சாப் பிசின் பொருந்தவில்லை. வில்லோ மரப்பட்டையின் வழிவந்த சாலிசிலேட் மருந்துகளைக் கீல்வாதத்தில் பயன்படுத்துவது 1876இல் டண்டீ மருத்துவர் மக்லாகனின் அறிக்கைக்குப் பின் பரவியது. 1899இல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. கஞ்சாவின் முதன்மைச் செயற்பொருள் தனித்துப் பிரிக்கப்பட்டதோ 1964இல்தான். அளக்க முடிந்த மருந்துகளின் முன் அளக்க முடியாத மருந்து நிற்க இயலவில்லை. 1925 ஜெனீவா உடன்படிக்கை இந்திய கஞ்சாவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோதும், 1932இல் பிரித்தானிய மருந்து நூல் அதை நீக்கியபோதும் மருத்துவர்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டிருந்தனர். தடையே மருந்தை அழித்தது என்ற கூற்று காலவரிசையோடு பொருந்தவில்லை. கைவிடப்பட்ட மருந்தை மீண்டும் ஆராயும் வாய்ப்பைத் தடை நெடுங்காலம் அடைத்தது என்பதே பொருந்தும்.

ஆணையமும் பெயர்ப் பட்டியலும்

இந்தியாவில் இதே செடி அரசுக்கு ஆயத்தீர்வை ஈட்டும் சரக்காகவும் இருந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவைத் தொடர்ந்து 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம், மூன்று இந்தியர் உள்ளிட்ட ஏழு உறுப்பினர்களுடன் சென்னை மாகாணம் உட்படப் பல பகுதிகளில் 1193 பேரிடம் சான்று பெற்றது. அளவான பயன்பாடு பொதுவாகத் தீங்கற்றது, முழுத்தடை வேண்டியதில்லை, வரியும் உரிமமும் போதும் என்பது அதன் முடிவு. ஆணையத்தின் வினாக்கள் ஒழுக்கம், பைத்தியம், வருவாய் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. மருத்துவப் பயன் பற்றியும் கேட்கப்பட்டது. ஆயினும், உழைத்துத் தேய்ந்த உடலின் வலிக்காக ஒருவர் கஞ்சாவை நாடினால் அவர் நோயாளியா, போதையாளரா என்ற பாகுபாட்டைத் தெளிவாக வகுக்க அவ்வினாக்கள் இடந்தரவில்லை. 1838இன் மூன்றாவது நோயாளி ஆணையத்தின் முன் வந்திருந்தால் எப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சென்னையின் பங்கு வேறு வகையினது. வைட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூல் தமிழ்ப் பெயர்களையும் பதிவுசெய்தது. 1868இல் வாரிங் பதிப்பித்த இந்திய மருந்து நூலுக்கு, அடுத்த ஆண்டே சென்னையில் மொய்தீன் ஷெரீப் ஒரு துணைநூல் வெளியிட்டார். கடைத்தெருவில் ஒரே பெயர் பல சரக்குகளுக்கும் ஒரே சரக்குக்குப் பல பெயர்களும் வழங்கிய குழப்பத்தைத் தீர்ப்பது அதன் நோக்கம். தமிழ் உள்ளிட்ட பல மொழிப் பெயர்களை அது சரிபார்த்துத் தந்தது. மருந்தளவுச் சிக்கல் லண்டன் ஆய்வகத்தில் தோன்றுமுன் சரக்கின் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை மொய்தீன் ஷெரீப் உணர்ந்திருந்தார். தமிழ் மருத்துவ வரலாற்றாய்வில் இந்நூலுக்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

எப்பகுதி, எவ்வளவு

அண்மைக்கால ஆய்வுகளும் ஒருமித்த முடிவைத் தரவில்லை. 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, வளர்ந்தோரின் நாட்பட்ட வலியில் கஞ்சா பயன்தருவதற்குக் கணிசமான சான்று உண்டு என்றது. 2021இல் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம், போதிய தரமான சான்று இன்மையால் அப்பயன்பாட்டைத் தான் பொதுவாக ஆதரிக்கவில்லை என்றது.

இந்தியச் சட்டத்தின் நிலை இவ்வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பிசினையும் பூங்கதிரையும் கட்டுப்படுத்துகிறது. பூங்கதிர் சேராத இலையையும் விதையையும் அவ்வரையறைக்கு வெளியே விடுகிறது. அதனால் மரபு மருத்துவ உரிமத்தின்கீழ் வலிக்கென விற்கப்படும் விஜயைத் தயாரிப்புகள் இலையை அடிப்படையாகக் கொள்கின்றன. அவற்றின் விளம்பரங்களுக்கு ஓஷானெசியின் பெயர் எளிதில் கைகொடுக்கிறது. ஆனால் 1838இல் அம்மூவருக்கும் கரைத்துக் கொடுக்கப்பட்டது பிசின், இலை அன்று.