டைல்களின் பின்னால் நிற்கும் சுவர்: அமெரிக்கக் குளியலறைகளின் ஒரு நூற்றாண்டு

ஷவர் சுவரில் பதிக்கப்படும் டைல் நீரை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆனால் டைல்களின் இடைவெளியை நிரப்பும் சிமென்ட் பூச்சாகிய ‘கிரவுட்’ நுண்துளைகள் கொண்டதாதலால், நாள்தோறும் சிறிதளவு நீரேனும் அதன் வழியே கசிந்து பின்சுவரை அடைகிறது. மரச்சட்டங்களால் வீடு கட்டும் வழக்கமுடைய அமெரிக்காவில், அந்தப் பின்சுவர் எப்பொருளால் ஆனது என்பதே குளியலறையின் ஆயுளைத் தீர்மானித்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கைதேர்ந்த கொத்தர்கள் மரச்சட்டத்தின்மேல் தார்த்தாளை விரித்து, அதன்மீது உலோக வலையை அடித்து, சிமென்ட் சாந்தை இரு படலங்களாகப் பூசினர். முதற்படலம் அடுத்த பூச்சைப் பற்றிக்கொள்ளும்படி கீறிவிடப்பட்டது, இரண்டாம் படலம் மட்டப்பலகையால் சமன் செய்யப்பட்டது. உலர்ந்த டைல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், அது நீரில் ஊறவைக்கப்பட்ட பின்னரே பதிக்கப்பட்டது. கனமும் உழைப்பும் மிகுந்த இம்முறையில், நனைந்தாலும் கரையாத சாந்தும் அதன் பின்னிருந்த தார்த்தாளும் சேர்ந்து மரத்தைக் காத்தன.

இதனிடையே, 1894இல் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை பெற்ற ஜிப்சம் பலகை உருமாற்றம் பெற்று, இரு தாள்களுக்கிடையே ஒரே ஜிப்சம் உள்ளீடு கொண்ட பலகையாகி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பெருக்கத்தில் ஈரப்பூச்சு வேலையைப் பெரிதும் ஒதுக்கியது. டைல் கவுன்சில் ஆஃப் அமெரிக்கா 1950களில் உருவாக்கிய மெல்லிய சாந்து, ஈரத்தைத் தன்னுள் நிறுத்திவைக்கும் செல்லுலோஸ் சேர்மத்தைக் கொண்டிருந்ததால், டைலை ஊறவைக்கும் தேவையையும் தடித்த படுகையையும் நீக்கியது. ஆயினும் சமமான பலகைமேல் விரைந்து ஒட்டும் இவ்வசதிக்கு விலை இருந்தது: ஜிப்சம் நீரில் மெல்லக் கரைவது, அதன் மேல்தாளோ பூஞ்சணத்திற்கு உணவாவது. மெழுகு கலந்து ஈரத்தைத் தாங்கும்படி செய்யப்பட்ட பச்சைத்தாள் பலகையும் இடைவிடாத நனைவில் சிதைந்தது.

நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய சிமென்ட் பலகை, இருபுறமும் கண்ணாடியிழை வலை பொதிந்ததாதலால் நனைந்தும் உருக்குலையவில்லை. ஆனால் அதுவும் நீரைத் தன்னூடே கடத்தக்கூடியதே. ஆகவே, பலகை மூட்டுகளைக் கண்ணாடியிழை நாடாவாலும் சாந்தாலும் அடைத்து, முழுப்பரப்பின்மேலும் நீர்புகாப் படலத்தைப் பூசியோ ஒட்டியோ, அதன்மேல் டைல் பதிக்கும் முறை வலுப்பெற்றது. வீடு கட்டுவோர்க்கான சர்வதேச குடியிருப்பு விதித்தொகுப்பு, 2006ஆம் ஆண்டுப் பதிப்பில், ஷவர் சுவர் டைல்களுக்குப் பச்சைத்தாள் பலகையைப் பின்புலமாக அனுமதிப்பதைக் கைவிட்டது.

நனைந்தாலும் கெடாத பொருள் எது, நீரைத் தடுக்கும் பொருள் எது என்னும் இவ்விரு வினாக்களையும் பழைய கொத்தர்கள் சாந்தாலும் தார்த்தாளாலும் தனித்தனியே தீர்த்திருந்தனர். இடைக்காலத்தில் ஒரே பலகையிடம் இரண்டையும் எதிர்பார்த்ததே பல சுவர்களை அழுகவைத்தது என்பதும், பொருள்கள் மாறினும் அப்பழைய பிரிவினைக்கே தொழில் திரும்பியது என்பதும் இவ்வரலாறு தரும் பாடமாகும்.