மூளைச் சேதமும் மொழி, வாசிப்பு, காட்சி இழப்புகளும்

பக்கவாதம், தலைக்காயம், கட்டி, மூளைக்காய்ச்சல் போன்றவற்றால் மூளையின் ஒரு பகுதி பழுதாகும்போது பேச்சோ, வாசிப்போ, கண்டதை இன்னதென்று அறியும் திறனோ தனித்தனியாகப் பறிபோகக்கூடும். வாயும் நாக்கும் நன்றாக இருந்தும் மொழி குலைவது அஃபேசியா. பார்வை இருந்தும் எழுத்து படிக்கவராதது அலெக்சியா. கண் தெரிந்தும் பொருள் பிடிபடாதது அக்னோசியா. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் இவை எல்லாவற்றையும் 'வாதம் அடிச்சிடுச்சு, பேச்சு நின்னுபோச்சு' என்று முடித்துவிடுவார்கள். 1861 வரை மருத்துவமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தது.

அந்த ஆண்டு பாரீஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற 51 வயது நோயாளி இறந்தார். பல ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து வந்தது ஏறக்குறைய 'டான்' என்ற ஒரே அசைதான். ஆனால் கேட்டது பெரும்பாலும் புரிந்தது. பிரேதப் பரிசோதனை செய்த பால் புரோக்கா, இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். 1874-இல் 26 வயதான கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறானவர்களை விவரித்தார். அவர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் சொற்கள் தாறுமாறாக வரும், பிறர் சொல்வது தலைக்குள் ஏறாது. அவர்களுக்குச் சேதம் இடது பொட்டுமடலின் பின்பகுதியில் இருந்தது.

இந்த இரண்டாவது வகைதான் நம்மூரில் அதிகம் ஏமாற்றுவது. கை கால் இழுத்துக்கொள்வதில்லை, வாய் கோணுவதும் அரிது. பெரியவர் ஏதோ உளறுகிறார், பித்தம் தலைக்கேறிவிட்டது என்று வீட்டார் படுக்கவைத்துவிட இடமிருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்கோ நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது 2006-இல் வெளியான கணக்கு.

வாசிப்பு இழப்பின் வரலாற்றில் முக்கியமானவர் பிரெஞ்சு மருத்துவர் தெஜெரின் 1892-இல் விவரித்த துணி வியாபாரி. 1887 அக்டோபரில் ஒருநாள் அவருக்குத் திடீரென ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியாமல் போனது. பேச்சில் குறையில்லை, சொன்னதைப் பிழையில்லாமல் எழுதினார். தான் எழுதியதையே சற்று நேரம் கழித்துக் காட்டினால் படிக்கத் தெரியவில்லை. பிரெஞ்சு எழுத்துகளில் ஒன்று ஓவியம் தாங்கும் நிலைச்சட்டம்போல இருக்கிறது, இன்னொன்று பாம்புபோல, மற்றொன்று பெல்ட் கொக்கிபோல என்றார். அவை எழுத்துகள் என்று தெரிந்தது, பெயர்தான் வரவில்லை. விரலால் கோட்டின் மேல் தடவிப் பார்த்தால் மட்டும் சட்டென்று சொல்லிவிடுவார். அரிசியில் விரல் பிடித்து 'அ' போடப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது: எழுத்தைக் கை தனியாக நினைவு வைத்திருக்கிறது. அவருடைய மூளையில் இடது பின்மடலும் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாலத்தின் பின்நுனியும் கெட்டிருந்தன. இரு கண்களிலும் வலப்பக்கக் காட்சி முழுவதும் போயிருந்தது. இடப்பக்கமாக வந்த காட்சிக்கோ மொழிப்பகுதிக்குச் செல்ல வழியில்லை.

பொருளறியாமைக்கு இரு படிநிலைகள் உண்டு, வடிவமே கூடாதது ஒன்று, வடிவம் கூடியும் பொருள் இன்னதென்று தோன்றாதது மற்றொன்று, என்று 1890-இல் ஜெர்மன் மருத்துவர் லிசாவர் பிரித்தார். அடுத்த ஆண்டு ஃபிராய்டு அதற்கு அக்னோசியா எனப் பெயரிட்டார். முகங்களை மட்டும் அடையாளம் தெரியாத நிலையை 1947-இல் ஜெர்மன் மருத்துவர் போதமர் தனியாக வகுத்தார்.

தென்னிந்தியாவில் இந்த அறிவு அறுவைச் சிகிச்சையின் வழியே வந்தது. மாண்ட்ரியலில், விழித்திருக்கும் நோயாளியின் மூளையை மின்முனையால் தொட்டு மொழிப்பகுதிகளை வரைந்த பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி ஒன்றைத் தொடங்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன், 1997-இல் 'கண்ணாடி அக்னோசியா'வைச் சக ஆய்வாளர்களுடன் விவரித்தார். இடப்பக்கத்தையே கவனிக்காத நோயாளியின் வலப்பக்கம் ஒரு கண்ணாடியை வைத்து, இடப்பக்கம் ஒரு பேனாவை நீட்டினால், அவர் பிம்பத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்குள்ளேயே கைவிட்டுத் தேடுவார். பேனா அசல் இடத்தில் இருக்கிறது என்பது அறிவுக்குத் தெரிந்தும் கை அங்கே போவதில்லை.

தமிழில் படிப்பவருக்கு இந்த இழப்புகள் ஐரோப்பியருக்கு நேர்வதுபோலவேதான் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவர் வார்த்தையின் முதல் பகுதியைத் தவறவிடுவார் என்பது பொதுவாக அறிந்தது. நம் எழுத்தில் 'கொடு' என்பதில் இடப்பக்கக் கொம்பை மட்டும் விட்டால் எஞ்சுவது 'காடு'. வலப்பக்கக் காட்சி இழந்தவருக்கு வேறு சிக்கல். வாசிக்கும் கண் எப்போதும் வலப்பக்கம் சற்று முன்னோக்கிப் பார்த்துத்தான் தாவுகிறது. அந்த முன்பார்வை போனால் வாசிப்பு தள்ளாடும். 'வந்துகொண்டிருந்தார்கள்' என்ற சொல்லில் யார், எத்தனை பேர் என்பதெல்லாம் வலக்கோடியில்தான் இருக்கிறது. கன்னடம்–ஆங்கிலம் அறிந்த ஒருவரின் தூய அலெக்சியாவை (எழுதவந்தும் படிக்கவராத நிலையை) 1981-இல் பிரதிபா காரந்த் விவரித்திருக்கிறார். அதுபோன்ற வேலை தமிழுக்கும் வேண்டும். அறிவுத்திறனைச் சோதிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் உருவாக்கிய தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில்தான் வந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு மொழி பேசுவோர் பற்றிய கேள்வியும் பழையதே. முதலில் கற்ற மொழிதான் தங்கும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ (1881). அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும் என்றார் பிரெஞ்சு மருத்துவர் பித்ர் (1895). ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளைப் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியாளரில் 40.5 விழுக்காட்டினருக்கும் ஒருமொழியாளரில் 19.6 விழுக்காட்டினருக்கும் அறிவுத்திறன் இயல்பாக இருந்தது. ஆனால் அஃபேசியா வந்த விகிதத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

1993 வரை தென்னார்க்காட்டின் பகுதியாக இருந்த விழுப்புரம் மாவட்டத்தார், பெரிய சிகிச்சை என்றால் நெடுங்காலம் சென்னைக்கோ திண்டிவனம் சாலையில் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கோ போனார்கள். 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனம், விழுப்புரம் வழியாகவே செல்வதால் தலைக்காயம் இங்கே பக்கவாதத்துக்கு அடுத்த காரணமல்ல, இணையான கவலை. சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை, அரசே செலவை ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. விபத்தில் மண்டைக்குள் குலுங்கும் மூளையின் முன்மடலும் பொட்டுமடலும் நைந்துபோவதால் புரோக்கா, வெர்னிக்கே வரைந்த சுத்தமான வடிவங்கள் அரிதாகவே தென்படும். பொருளைக் காட்டினால் பெயர் தொண்டைவரை வந்து நிற்பதே அதிகம். பேச்சுப் பயிற்சியாளர் முதலில் விசாரிக்க வேண்டியது வீட்டு மொழி எது என்பதை. ஏனென்றால் தெலுங்கோ உருதோ வீட்டில் பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசியவருக்கு ஒன்றில் வராத பெயர் மற்றொன்றில் வரலாம்.