தலைமறைவு என்னும் சொல்

சொற்களுக்கும் வர்க்கம் உண்டு. ஒருவர் தம்மை இன்னாரென்று அறிவியாது வாழ்வதைக் குறிக்க நம்மிடையே வழங்கும் அஞ்ஞாதவாசம், தலைமறைவு என்னும் இரு சொற்களையும் ஆராயுமிடத்து இவ்வுண்மை புலனாகும்.

'அஞ்ஞாதம்' என்னும் வடசொல் 'அறியப்படாதது' எனப் பொருள்படும். ஐரோப்பியர் வழங்கும் 'இன்கொக்னிட்டோ' என்பதும் இலத்தீனில் அதே பொருளுடையது. 'அறிதல்' என்னும் ஒரே தொல்வேரினின்று இரண்டும் கிளைத்தவை என்பர் மொழிநூலார்.

பாரதக் கதையிலே வனவாசம் முடித்த பாண்டவர் ஓராண்டுக்காலம் விராடன் நகரில் மறைந்து வாழ்ந்தனர். வீமன் மடைத்தொழில் செய்தான். நகுலன் குதிரை பேணினான். சகதேவன் ஆநிரை காத்தான். ஏவலரின் பூர்வீகத்தை அரண்மனையில் யார்தான் கேட்பார்? ஆயின், பணிப்பெண்ணாகிய திரௌபதியோ அந்நிலை காரணமாகவே கீசகனின் கொடுமைக்கு இலக்கானாள். உழைப்போரின் கோலம் மறைப்பைத் தரும், பாதுகாப்பைத் தராது.

1697இல் ருஷ்ய மன்னன் பீட்டர், 'மிகயிலோவ்' என்னும் பெயரில் ஒல்லாந்து சென்று கப்பற்றளத்திலே தச்சுவேலை பயின்றான். அவன் யாரென்பதை ஊரார் அறிந்துகொண்டனர்; கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தனர். அதனால் அவனுக்கு நேர்ந்த தீங்கு யாது? தொல்லை மட்டுமே. அரசனுக்கு மாறுபெயர் ஒரு வசதி.

1917இல் அதே ருஷ்யாவில் லெனின் மறைந்து வாழ்ந்தது வேறு வகையானது. இடைக்கால அரசாங்கம் அவரைக் கைதுசெய்யக் கட்டளையிட்டிருந்தது. ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் ரஸ்லிவ் ஏரிக்கரைக் குடிசையிலே அவருக்குப் புகலளித்தது. பின்னர், தாடி மழித்த தோற்றத்தில், 'இவானோவ்' என்னும் தொழிலாளியின் அடையாளச் சீட்டுடன், புகைவண்டி எஞ்சினில் நெருப்பிடுபவராய் அவர் பின்லாந்தின் எல்லையைக் கடந்தார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1940இல் சிறைப்படுத்தப்பட்ட சமசமாஜத் தலைவர்களான என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தனா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர், 1942 ஏப்ரலில், சிறைக்காவலர் ஒருவரின் துணையுடன் கண்டிச் சிறையினின்று தப்பினர். பின்னர் அவர்களுட் சிலர் இந்தியா சென்று போராட்டத்திற் கலந்தனர். கைதாகாமலே மறைந்து பணியாற்றிய லெஸ்லி குணவர்த்தனா 'கே. திலக்' என்னும் பெயரில் எழுதினார்.

இன்று பொலிஸ் அறிக்கைகளில் கொலைஞனும் 'தலைமறைவு', கொள்கைக்காக ஒளிந்தவனும் 'தலைமறைவு'. அதிகாரத்தின் அகராதி இருவரையும் ஒன்றாகவே காண்கிறது. நாமும் அவ்வாறு காணலாமா? அச்சொல்லை வாசிக்குந்தோறும் இரு வினாக்களை எழுப்புவோம்: அவன் யாருக்கு அஞ்சி மறைந்தான்? யார் அவனுக்குக் கதவு திறந்தனர்? அக்கதவைத் திறந்த காவலரையும் தொழிலாளியையும் வரலாறு பெரும்பாலும் பெயரின்றியே விட்டுவிடுகிறது. உண்மையான அஞ்ஞாதவாசம் அவர்களுடையதே.