மூன்றரைக் கட்டை

பாடுகிறவர்களிடம் சுருதி கேட்டால் ‘ஒன்றரைக் கட்டை’ என்பார்கள், ‘நாலரை’ என்பார்கள், கொஞ்சம் மிதப்பானவர் ‘ஆறு’ என்பார். விவரம் தெரிந்த யாரும் மூன்றரை என்று சொல்லமாட்டார்கள். ஏழரையும் கிடையாது, அது சனிக்கு மட்டும். ஆர்மோனியப் பெட்டியின் மூடியைத் திறந்தால் காரணம் தெரிந்துவிடும். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்த வெள்ளை இரண்டு, இரண்டுக்கும் நடுவே நிற்கும் கறுப்பு ஒன்றரை. மூன்றாவது வெள்ளைக்கும் நாலாவதுக்கும் இடையில் கறுப்பே கிடையாது. ஐரோப்பியத் தச்சன் கறுப்பு வைக்காமல் விட்ட இடத்தில் நம் கணக்கிலும் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. தேவாரம் பாடுகிற ஓதுவாரும் வள்ளி திருமணத்தில் நாரதர் வேஷம் கட்டுகிறவரும் குரலை அளந்து சொல்வது இந்தக் கட்டைக் கணக்கில்தான்.

தென்காசிப் பக்கம் இந்தப் பெட்டி வந்து சேர்ந்தது சுற்றுவழியாக. காற்று பட்டதும் ஒரு மெல்லிய நாக்கு துடித்து ஒலிக்கும் வித்தை சீனர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டாகத் தெரியும். மூங்கில் குழல்களைக் கொத்தாகக் கட்டி வாயால் ஊதும் ஷெங் என்ற வாத்தியம் அவர்களுடையது. பெய்ஜிங்கில் இருந்த பிரெஞ்சு சேசு சபைக் குரு அமியோ 1770களில் சில ஷெங்குகளைப் பாரிசுக்கு அனுப்பினார். இந்த அமியோ, பிரான்சின் பெரிய இசைமேதை ராமோவின் உருப்படிகளை ஹார்ப்சிகார்டில் வாசித்துக் காட்டி, சீனப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து சீன இசையைப் படிக்கத் தொடங்கினார். ஊர்விட்டு ஊர் போன மிஷனரிகளில் இப்படி முதல் அடியிலேயே பாடம் படித்தவர்கள் குறைவு.

அடுத்த அரை நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டறைகளில் நாக்கு வைத்த வாத்தியங்கள் வரிசையாகப் பிறந்தன. வாயால் ஊதும் மவுத் ஆர்கன், தோளில் மாட்டும் அக்கார்டியன். 1842இல் பாரிசில் அலெக்சாந்தர் தபேன் ‘ஆர்மோனியம்’ என்ற பேரில் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறு கோயில்களுக்கு அது வரப்பிரசாதம். காலால் மிதித்தால் காற்று, இரண்டு கையாலும் வாசிக்கலாம், கப்பலில் ஏற்றலாம். வெப்ப நாடுகளுக்கென்றே மடக்கு ஆர்கன்கள் வந்தன. கோந்து இளகிவிடும் என்று திருகாணி, கறையான் வைக்கும் என்று தேக்கு.

மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது இதெல்லாம் இல்லை. தொண்டைதான் வாத்தியம். அவருக்குப் பின்னால் வந்தவர்களின் சாமான்களில்தான் பெட்டி இருந்தது. நல்லூர், சுரண்டை என்று சர்ச் மிஷன் சங்கத்தின் சபைகள் இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள்ளும் பரவின. சுரண்டையை அடுத்து பங்களாச்சுரண்டை என்றே ஓர் ஊர். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ரயில் வந்தது 1903இல். அதுவரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மாட்டுவண்டிதான். வண்டி குலுங்குகிற குலுக்கலில் சங்கீதப் பெட்டி என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அந்தச் சாலையில் இன்று பேருந்தில் போகிறவர்களும் ஊகிக்கலாம்.

வண்டிக்குத் தப்பினாலும் சாரலுக்குத் தப்பாது. குற்றாலம் பெரிய உயரமில்லை. சில நூறு அடிதான். ஆனாலும் ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து ஈரக்காற்று இறங்கி ஊரையே குளிர்பெட்டியாக்கிவிடும். பாளையங்கோட்டை வெயிலில் வெந்த கலெக்டர்களும் பாதிரிமார்களும் அதற்காகவே இங்கே வந்து தங்கினார்கள். மனிதருக்கு மருந்தான அந்தக் காற்று பெட்டிக்கு விஷம். இந்தப் பக்கத்துச் சபை ஒன்றில் பழைய பெட்டி ஒன்றைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேல்பலகையை எடுத்ததும் வந்தது ஈரத்துணி வாடையும் எலிப் புழுக்கையும். பித்தளை நாக்குகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அறையப்பட்டு மறுபக்கம் சும்மா கிடப்பது, தடித்தது கால்விரல் நீளம், மெலிந்தது நகத்தளவு. பாதிக்குமேல் பச்சைக் களிம்பு. ரிப்பேர்க்காரர் ஷேவிங் பிளேடை நாக்குக்கு அடியில் செருகித் தூக்கி, நுனியை ஒரே ஒரு இழுப்புச் சுரண்டினார். சுருதி ஏறியது. அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும் என்றார். “பாத்துச் சொரண்டணும் அண்ணாச்சி, கூடிப்போச்சுன்னா நாக்கு ஊமையாயிரும்.” ஈரத்தில் ஊறி உப்பிய கட்டை ஒன்று அமுக்கினால் எழும்பவேயில்லை. காற்று உள்ளவரை ஒரே சுரத்தில் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

ஆனால் பெட்டியில் எதை வாசிப்பது என்பதுதான் நெடுநாள் வழக்கு. திருநெல்வேலிச் சபைகளில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பையில் இரண்டு பாட்டுப்புத்தகம் இருக்கும். பாமாலை என்பது ஜெர்மன், ஆங்கில ராகங்களுக்குத் தமிழ்ச் சொல் பொருத்தியது. கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணத்தோடு ராகம் தாளம் போட்டது. இரண்டும் ஒரே பையில் சமாதானமாகக் கிடப்பதைப் பார்த்தால் நடந்த சண்டை தெரியாது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூரில் வளர்க்கப்பட்டவர் வேதநாயக சாஸ்திரியார். புதிதாக வந்த மிஷனரிகள் செய்த நான்கு கொடுமைகள் என்று 1820களில் அவர் எழுதிவைத்தார். அதில் ஒன்று, கோயிலில் தமிழ்ப் பாட்டைத் தடுத்தது. இன்னொன்று, சாதிகளைக் கலந்து உட்காரச் சொன்னது. அந்த இரண்டாவது புகாரில் நியாயம் மிஷனரிகள் பக்கம்தான். முதலாவதில் சாஸ்திரியார் பக்கம். ஒரே காகிதத்தில் இரண்டும் இருப்பதுதான் சங்கடம். கால் நூற்றாண்டு கழித்து, 1853இல், அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் சாஸ்திரியார் பாட்டுகள் ஏராளம்.

பெட்டியின் காலை வெட்டியது கல்கத்தாக்காரர். 1875வாக்கில் துவாரகாநாத் கோஷ் மிதிபலகையைக் கழற்றிவிட்டு, துருத்தியைப் பின்பக்கம் வைத்தார். நம் ஆள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுகிறவன். நாற்காலி போட்டு மிதிக்கச் சொன்னால் நடக்குமா? இந்த மாற்றத்தில் அவர் எண்ணியதோ எண்ணாததோ ஒன்று சேர்ந்தே நடந்தது. இடது கை துருத்திக்குப் போய்விட்டது. வாசிக்க மிஞ்சியது வலது கை மட்டும். நான்கு குரலை ஒன்றாக அடுக்கி எழுப்பும் மேல்நாட்டு இசை ஒரு கையில் அடங்காது. ஒற்றை வரியாகப் போகும் ராகத்துக்கு ஒரு கை தாராளம். பெயரிலேயே ஹார்மனியை வைத்திருந்த பெட்டி அதைத்தான் முதலில் தொலைத்தது.

மிஷனரிகளும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் இப்படி நாட்டுக்கேற்ப மாறினார்கள். சிவில் சர்வீஸ் வேலையை விட்டுவிட்டு இரட்சணிய சேனையில் சேர்ந்த பூத் டக்கர் 1882இல் பம்பாயில் வந்திறங்கி, காவி உடுத்தி, செருப்பைக் கழற்றி, பக்கீர் சிங் என்று பேர் வைத்துக்கொண்டார். ஏமி கார்மைக்கேலுக்கு ஒரு கையுறை போதுமாயிருந்தது. 1893இல் ஜப்பானில் நோயாளிக் கிழவி ஒருத்திக்கு அவர் வேதம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிழவி மனம் கனிந்துவரும் நேரம் பார்த்து இவர் கையிலிருந்த ரோமக் கையுறை கண்ணில் பட்டுவிட்டது. இது என்ன என்று அதையே கேட்கத் தொடங்கிவிட்டாள். பேச்சு போயிற்று. அன்று முதல் கிமோனோ. திருநெல்வேலிச் சீமைக்கு வந்தபின் சேலை. டோனாவூரில் 1901இல் குடியேறியவர் 1951இல் அங்கேயே மண்ணானார். நடுவில் ஒருமுறைகூடச் சொந்த ஊர் போகவில்லை. எச். ஏ. பாப்ளி இன்னொரு வகை. கர்நாடக சங்கீதம் கற்று, தாளம் தட்டி, காலட்சேப பாணியில் பிரசங்கித்தார். இந்திய இசை பற்றி 1921இல் புத்தகம் போட்டார்.

இதற்குள் பெட்டி கோயிலை விட்டு வெளியே கிளம்பியிருந்தது. பார்சி நாடகக் குழுக்களோடு தெற்கே வந்து தமிழ் நாடகக் கொட்டகையில் ஏறிவிட்டது. அங்கே காலால் மிதிக்கும் பெட்டியும் நெடுநாள் நீடித்தது. கொட்டகை முழுக்கக் கேட்கவேண்டுமே. செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா மேடையில் உச்சத்துக்குப் போய் நின்றால், ஆர்மோனியத்தில் இருந்தவர் அண்ணன் காசி ஐயர். இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். குரல் பிருகாக்களை உதறிக்கொண்டு ஓடுகிறது. பெட்டி பின்னாலேயே, அரை நொடி மூச்சிரைக்க, விடாமல் துரத்துகிறது. கமகத்துக்குக் கட்டைகளின் இடுக்கில் இருக்கும் சுரங்கள் வேண்டும். பெட்டியில் அவை கிடையாது. காசி ஐயர் அதை வேகத்தால் மூடி மறைக்கிறார். கிட்டப்பா 27 வயதில், 1933இல், போய்விட்டார்.

அந்த இடுக்குச் சுரங்கள்தான் பெட்டியின் மேல் வழக்கும் ஆயின. ஆர்மோனியம் இந்திய இசையையே கெடுக்கிறது என்று 1914இல் எழுதியவர் ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் என்ற ஆங்கிலேயர். தாகூருக்கும் பிடிக்காது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி பெட்டிக்குத் தடை போட்டது. அந்த நிறுவனத்தின் தலைமையில் இருந்தவரும் ஆங்கிலேயர்தான். வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாத்தியத்தை, இந்திய இசைக்கு ஆகாது என்று வெள்ளைக்காரனே விரட்ட, ‘இது எங்கள் பெட்டி’ என்று மேடைக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கியபோதும் தடை அமலில் இருந்தது. 1971இல்தான் தளர்ந்தது.

வானொலியில் நுழையாத பெட்டி வேறு வேஷத்தில் கோபுர வாசலுக்குள் போயிருந்தது. கட்டைகளையெல்லாம் கழற்றி, துருத்தியையும் இரண்டு மூன்று நாக்குகளையும் மட்டும் விட்டால் சுருதிப் பெட்டி. நாகஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதி நின்ற ஆளின் இடத்தைப் பல ஊர்களில் அது பிடித்தது. பாரிசு ஆலயத்துக்காகச் செய்த நாக்கு சுவாமி புறப்பாட்டில் சட்ஜமும் பஞ்சமமும் பிடித்துக்கொண்டு நடக்கிறது. யாரும் அதைப் பாதிரியார் பெட்டி என்று சொல்வதில்லை.

நான் பிரிக்கப் பார்த்த பெட்டி மறுபடி கூட்டப்படவில்லை. நாக்குகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போய், டப்பா அலமாரிக்குப் போனது. சபையில் இப்போது கீபோர்டு. அதற்குத் துருத்தி இல்லாததால் இடது கை மறுபடி விடுபட்டு, பையன்கள் பாமாலைக்குக் கார்டு பிடிக்கிறார்கள். போன சாரலில் அங்கே போயிருந்தபோது மாலை ஆராதனை. கீர்த்தனை எண் சொன்னார்கள். வயதான பெண்மணி ஒருவர் எடுத்துப் பாட எழுந்து தொண்டையைச் செருமினார். கீபோர்டுப் பையன் சுருதி மாற்றும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

“ஆச்சி, எத்தன கட்ட?”