படகின் எண், வண்டியின் எண்: படிப்பது யார்?

பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். இங்குள்ள ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு மீனவர்களிடம் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதன் பெயர் பாடு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று வைத்து, சீட்டுக் குலுக்கி, முறை போட்டுக் கொள்வார்கள். இந்த முறைக்குப் படகில் எண் எதுவும் தேவைப்படவில்லை. தூரத்தில் வருவது யார் படகு என்று கரையில் இருப்பவருக்குத் தெரியும். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக் கொள்ளலாம்.

ஆனால் அரசாங்கத்துக்கு முகம் தெரியாது, எண்தான் தெரியும். கடலில் மீன்பிடிக்கும் படகுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்றது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் ஒரே மாதிரியான பதிவு எண் வந்தது. முதலில் இந்தியா, அடுத்து மாநிலம், பிறகு மற்றவை என்று படகின் பக்கவாட்டில் எழுதினார்கள். அலையில் ஆடும் அந்த எழுத்தைப் படிப்பது இன்றும் பெரும்பாலும் மனிதக் கண்தான்.

அதே ஏரியில் பிடித்த இறாலும் நண்டும் கரையேறி, வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டால் கதை மாறிவிடுகிறது. சாலையில் எண்ணைப் படிக்க இயந்திரம் காத்திருக்கிறது!

இது ஏதோ நேற்று வந்த சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி எண்ணைத் தானாகப் படிக்கும் கேமராவை 1976இல் பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் ஆய்வுப் பிரிவு உருவாக்கத் தொடங்கியது. ஏ1 நெடுஞ்சாலையிலும் டார்ட்ஃபோர்டு சுரங்கப்பாதையிலும் சோதித்துப் பார்த்தார்கள். அதன் உதவியால் திருட்டு வண்டி ஒன்று பிடிபட்டது 1981இல். 2003 பிப்ரவரியில் லண்டன் மாநகரின் மையப் பகுதிக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தபோது, அந்தத் திட்டம் முழுக்க இந்தக் கேமராக்களை நம்பியே நடந்தது.

கேமரா என்னதான் செய்கிறது? அகச்சிவப்பு ஒளி வீசிப் படம் எடுக்கிறது. படத்தில் எண் பலகை எங்கே என்று தேடுகிறது. எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றும் எது என்று முடிவு செய்கிறது. வண்டியின் வேகம், கோணம், மழை, எதிர் விளக்கு எல்லாமே இதைக் கெடுக்கும். 8ம் 'பி'யும், 0வும் 'ஓ'வும், 5ம் 'எஸ்'ஸும் அதற்கு ஒன்று போலத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. நம் வண்டி எண்ணில் பெரும்பாலும் பத்து எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தையும் நூற்றுக்கு 99 முறை சரியாகப் படிக்கும் கேமரா என்று வைத்துக் கொண்டாலும், பத்தும் சேர்ந்து சரியாக வருவது நூற்றுக்குச் சுமார் 90 வண்டிகளுக்குத்தான். பத்தாயிரம் வண்டி போனால் ஏறக்குறைய ஆயிரம் தவறு! பல படங்களை ஒப்பிட்டும், பதிவேட்டோடு சரிபார்த்தும் இதைக் குறைக்கிறார்கள். ஆனாலும் தவறாகப் படித்த எண் வேறொருவரின் உண்மையான எண்ணாக இருந்துவிட்டால்? சிங்கப்பூரில் வண்டி எண்ணின் கடைசி எழுத்து, முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் கணக்கு இடித்துவிடும். நம் எண்ணில் அந்தக் காவல் இல்லை.

நம்மூர் எண் பலகைகளோ கேமராவுக்குப் பெரிய பரீட்சை. இரண்டு வரியில் எழுதியது, வளைத்து வளைத்து அலங்கரித்தது, தலைவர் படம் ஒட்டியது என்று பலவகை. மீன் வண்டிக்கு உப்புக் காற்றின் துருவும் சேற்றுப் பூச்சும் கூடுதல். ஏரி இரு மாநிலங்களில் பரந்து கிடப்பதால் டி.என். 20ம் வரும், ஏ.பி. 39ம் வரும். எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும் என்றுதான் 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமானது. அதே 2019இல் சென்னை அண்ணா நகரில் போக்குவரத்துக் காவல்துறை இத்தகைய கேமராக்களைப் பொருத்தி, விதி மீறுவோருக்கு அபராதச் சீட்டு அனுப்பத் தொடங்கியது.

மின்னணுக் கண்காணிப்புக்கென மத்திய அரசு 2021 ஆகஸ்டில் ஒரு விதி கொண்டு வந்தது. கருவிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றது அது. அந்த 15 நாள் வெறும் அலுவலக நடைமுறை அல்ல. மாதக்கணக்கில் கழித்துச் சீட்டு வந்தால், அன்றைக்குத் தன் வண்டி எங்கே நின்றது என்பதை ஓர் ஓட்டுநர் எப்படி நிரூபிப்பார்? அவருக்கு ஓர் அபராதம் என்பது ஒரு நாள் கூலி.

பாடு முறையிலும் தவறு நடக்கும். ஆனால் "அது என் படகு இல்லை" என்று சொல்ல எதிரே ஒரு மனிதர் இருப்பார். கேமரா எத்தனை எண்களைப் படிக்கிறது என்பதோடு, அது தவறாகப் படித்த ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் சேர்த்தே அதன் திறமையை அளக்க வேண்டும்.