நீலகிரியில் பிறந்த கலப்பு மரம்

இரு வேறு இனச் செடிகள் அருகருகே வளருமிடத்தில், மனிதன் கருதாமலே புதியதொரு செடி பிறந்துவிடுவதுண்டு. முள் விளிம்பு இலையும் செங்கனியும் கொண்ட ஹாலி மரத்திற்கு நீலகிரிச் சோலைக்காடுகளிலும் உறவினங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹைகிளேர் மாளிகைத் தோட்டத்தால் பெயர்பெற்ற கலப்பு ஹாலி, இலையழகுக்காகப் பல வகைகளாகப் பெருக்கப்பட்டது. அதே நூற்றாண்டில் நீலகிரியிலும் ஒரு கலப்பு மரம் தோன்றிற்று. அதனிடம் மக்கள் எதிர்பார்த்தது அழகையன்று, உயிர் காக்கும் மருந்தை.

முறைக்காய்ச்சலை மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல்களென இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ நூலில் வகுத்துரைத்தார். அதனைத் தணிக்கும் கொயினாவோ, தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைச் சின்கோனாப் பட்டையில் மறைந்திருந்தது. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆங்கிலேயர் அம்மரத்தின் விதைகளையும் நாற்றுகளையும் திரட்டினர். 1848 முதல் உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிவந்த மக்கைவர், அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார்.

சின்கோனாப் பூவின் அமைப்பு அயல் மகரந்தத்தை ஏற்பதற்கே இசைந்தது. ஆகவே செழித்தோங்கும் செம்பட்டை இனமும், குளிர்ந்த உயரத்தை விரும்பும் அஃபிஸினாலிஸ் இனமும் கலந்தன. பிறந்த மரம் ‘ரொபஸ்டா’ எனப்பட்டது. வலியது என்பது பொருள்.

ஆயினும் சின்கோனாவின் மதிப்பு அதன் பருமனில் இல்லை. பட்டையில் கொயினா எவ்வளவு என்பதைக் கண் அறியாது. இரசாயனச் சோதனையே அறியும். மேலும், கலப்பு மரத்தின் விதை தாயைப்போன்ற பிள்ளைகளைத் தருவதில்லை. நல்ல மரத்தை அப்படியே நிலைநிறுத்த ஒட்டும் பதியனும் வேண்டும்.

இதனை முழுமையாகப் பயன்படுத்தியோர் ஜாவாவின் டச்சுக்காரர். 1865-இல் சார்லஸ் லெட்ஜர் அனுப்பிய விதையில் ஒரு பவுண்டு வாங்கி, மரம் மரமாகப் பட்டையைச் சோதித்து, சிறந்தவற்றைப் பிற இனங்களினின்று விலக்கி வளர்த்தனர். செம்பட்டை மரத்தின் வேர்க்கட்டையில் ஒட்டுக் கட்டினர். உலகக் கொயினா வணிகம் அவர்கள் கைக்குச் சென்றது. அவ்விதையைத் திரட்டிக்கொடுத்த பொலிவியப் பழங்குடி மகன் மமானியோ, சிறைப்பட்டு வதையுண்டு மாண்டார்.

1942-இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றவே, உலகிற்குக் கொயினா வரத்து அறுந்தது. நம் நாட்டுச் சின்கோனாத் தோட்டங்களின் அருமை அப்போது நன்கு புலப்பட்டது.

மனிதனுக்கு மட்டுமன்று, மரத்திற்கும் ளாஹிர் உண்டு, பாத்தின் உண்டு. தழைத்த கிளையைக் கண்டு மகிழ்வது எளிது. பட்டைக்குள் இறைவன் வைத்த மருந்தைப் பொறுமையுடன் அளந்தறிந்தவர்க்கே அதன் பயன் முழுமையாகக் கிட்டிற்று.