தெரிந்தவர் நடுவே சாட்சி: மரக்காணம் கரைப் பதின்பருவத்தினரும் இணையவழித் துன்புறுத்தலும்

இணையத்தில் ஒருவர் இழிவுபடுத்தப்படுவதைக் காணும் பதின்பருவத்தினர் ஏன் வாய் திறப்பதில்லை? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, 1968-இல் லத்தானே, டார்லி என்ற உளவியலாளர் இருவரும் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வருகிறது. பார்ப்பவர் கூட்டம் பெருகப் பெருக, 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒவ்வொருவரும் ஒதுங்குகிறார்கள் என்பது அதன் சாரம். ஆனால் அச்சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மரக்காணம் உப்பளக் கரைக்கு அவ்விளக்கம் போதாது.

இங்கே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரும் அந்நியர் அல்லர். ஒரு பெண்ணின் படத்தைத் திரித்துப் போட்டவன், அந்தப் பெண், பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பள்ளி. அவர்களின் தாய்மார் ஒரே அளத்தில் உப்பு சுமப்பவர்களாகவும் இருக்கலாம். ஆனால் இதே மரக்காணத்தில்தான் 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் சென்ற நாளில், சாதி மோதல் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. இரண்டு உயிர்கள் போயின. அந்த ஆண்டில் பிறந்தவர்கள் இன்று பதின்பருவத்தை எட்டுகிறார்கள். குழுவில் ஒரு பிள்ளை எழுதும் எதிர்ப்பு வரியை, அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று பார்த்தே ஊர் படிக்கும். பொறுப்பைப் பிறர்மேல் போடுவதால் மட்டும் வரும் மௌனமல்ல இது. விலை அறிந்த மௌனம்.

அந்த விலை கற்பனையல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பட்டியலின மாணவர் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். கைதானவர்களில் சக மாணவர்களும் இருந்தனர். 

அப்படியானால் இந்த மௌனத்தை எப்படிக் கணக்கிடுவது? பின்லாந்தில் சால்மிவல்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1996-இல் வகுப்பறைத் துன்புறுத்தலில் மாணவர் ஏற்கும் பங்குகளை வகைப்படுத்தினர்: கூட்டாளி, தூண்டிவிடுபவர், காப்பவர், விலகி நிற்பவர் என. இணையத்துக்கு இதைப் பொருத்தும்போது ஒரு பிழை நேரக்கூடும். திரையில் எதுவும் எழுதாதவரெல்லாம் விலகி நிற்பவராகிவிடுவர். படத்தை மேலே அனுப்பாமல் நிறுத்தியவளும், சிரிப்புக்குறி போடாதவனும், மாலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் உடன் உட்கார்ந்திருந்த தோழியும் குழுப் பதிவில் தென்படமாட்டார்கள். இவர்களை நான் காப்பவர்களாகவே கணக்கிடுவேன்.

பொதுவெளியில் எவரும் பேசாவிட்டால், எல்லோரும் தன் பக்கமே என்று இழிவுபடுத்துபவன் எண்ணமாட்டானா? எண்ணுவான், இந்த மறுப்பு வலுவானது. அதனால்தான் வெளிப்படையான கண்டனம் தலைமை ஆசிரியரிடமிருந்து வரவேண்டும் என்கிறேன். 'தைரியமாக எதிர்த்துப் பேசு' என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புத்தி சொல்வது, பெரியவர்கள் சுமக்கவேண்டியதை அதன் தலையில் ஏற்றுவதாகும். பள்ளிகளில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியும் 1098, 14417, 1930 ஆகிய உதவி எண்களும் ஏற்கெனவே இருக்கின்றன. தகவல் சொன்னவர் பெயர் ஆசிரியர் அறையைத் தாண்டாது என்ற உறுதியும், இரு தரப்பையும் வகுப்பின் முன் நிறுத்தி விசாரிக்கும் வழக்கத்துக்கு முடிவும் அவற்றோடு சேர வேண்டும்.